ஆத்தூர் பக்கம் ஒரு கம்பிக் கடை: எடை போட்டு வாங்கிய அனுபவம்

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் 1,150 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை நடக்கிறது. தூண், பீம், தளம் எல்லாவற்றுக்கும் கம்பி வாங்கிய கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன், இப்போதுதான் நேரம் கிடைத்தது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரைப் புள்ளி ஏன் போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கடைக்கு நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அஸ்திவாரத்துக்கான கம்பியை வேறொரு கடையில்தான் வாங்கினேன். பிப்ரவரி 2025. 12 மி.மீ. கம்பி, இருபது கட்டு. ஒரு கட்டுக்கு ஐந்து கம்பி, ஒரு கம்பி 12 மீட்டர் நீளம். கட்டுக்கு 53.3 கிலோ என்று கணக்குப் போட்டு 1,066 கிலோவுக்கு பில் கொடுத்தார்கள். நானும் கட்டை எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கம்பி கட்ட வந்தவர் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நாலு நூல் கம்பின்னு சொல்றீங்க, கைக்கு லேசா இருக்குதுங்களே" என்றார். 12 மி.மீ. கம்பியைத்தான் இங்கே நாலு நூல் என்பார்கள். முப்பது வருடமாகக் கம்பி வளைக்கிற கை அது. சரி, பார்த்துவிடலாம் என்று சரியாக ஒரு மீட்டர் அளந்து வெட்டி, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 823 கிராம் காட்டியது.

எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு, வீடு கட்டுகிற எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மி.மீ. என்றால் 144ஐ 162ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 888 கிராம். 8 மி.மீ.க்கு 395, 10 மி.மீ.க்கு 617, 16 மி.மீ.க்கு 1,580. ஆலையில் உருட்டும்போது கொஞ்சம் முன்னே பின்னே வரும் என்பதால் ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தர விதி ஒரு விலக்கு வைத்திருக்கிறது. 10 மி.மீ. வரை மொத்தச் சரக்கில் 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5, அதற்கும் மேலே 3. தனியாக எடுத்துப் பார்க்கும் ஒரு 12 மி.மீ. துண்டு 6 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. என் துண்டு 7.3 சதவீதம் குறைவு. மீதியெல்லாம் அதே மாதிரி என்றால் 78 கிலோ இரும்பு என் வீட்டுக்கு வரவே இல்லை, கிலோ 55 ரூபாய் வீதம் 4,290 ரூபாய் மட்டும் போய்விட்டது. பணத்தை விடுங்கள். இன்ஜினியர் இத்தனை கம்பி போதும் என்று சொன்னது 12 மி.மீ. கனத்துக்கு, அதைவிட மெலிந்த கம்பிக்கு இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அஸ்திவாரக் குழிக்குப் பிரச்சினை இல்லை என்று கணக்குப் பார்த்துச் சொன்னார், சுவருக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீமுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கம்பி ஓடவிடச் சொன்னார். அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடை. தண்டவாளக் கட்டைகளை அடுக்கி அதன் மேல் கம்பியை வைத்திருக்கிறார்கள், மேலே தகரக் கூரை இருக்கிறது. மண்ணில் கிடக்கவில்லை, மழையில் நனையவில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு கரும்பலகையில் இரண்டு பத்தியாக அன்றைய விலை. உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். நான் கட்டு எண்ணிக்கையில் விலை கேட்டதும், "கட்டுக் கணக்கு நம்மகிட்ட இல்லீங்க தம்பி. வண்டிய வெறுமையா எடை போடுங்க, ஏத்தின பின்னாடி போடுங்க, நடுவுல இருக்கறதுக்குக் காசு குடுங்க" என்றார். எடை மேடை அவருடையது இல்லை. மரவள்ளிக்கிழங்கு லோடு போகிற சேகோ (ஜவ்வரிசி) ஆலைப் பக்கத்தில் இருக்கும் பொது மேடை. நூறு ரூபாய் கட்டினால் சீட்டு தருவார்கள், யாருக்கும் சொந்தமில்லாத மூன்றாம் ஆள் கொடுக்கிற சீட்டு. எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

மே மாதம் வாங்கினேன். கணக்கை அப்படியே தருகிறேன், உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். 8 மி.மீ. 230 கம்பி, 10 மி.மீ. 98, 12 மி.மீ. 60, 16 மி.மீ. 24. அந்த 162 வைத்துப் போடும் புத்தகக் கணக்குப்படி 2,910 கிலோ வர வேண்டும். வெறும் வண்டி 4,120, ஏற்றிய பிறகு 6,980. ஆக 2,860. புத்தகக் கணக்கைவிட 1.7 சதவீதம்தான் குறைவு, விதிக்கு நன்றாக உள்ளேயே இருக்கிறது. கட்டுக் கணக்கில் வாங்கியிருந்தால் இல்லாத 50 கிலோவுக்கு 3,250 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். கிலோ 65 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்பட. மொத்தம் 1,85,900.

65 என்பது கரும்பலகையின் முதல் பத்தி. இரண்டாம் பத்தியில் 57 என்று இருந்தது. இந்த எட்டு ரூபாய் வித்தியாசத்தைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், மேஸ்திரிகளும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெரியவர் அரை மணி நேரம் உட்கார்த்தி வைத்து விளக்கினார், அதன் பிறகு நானும் தேடித் தெரிந்துகொண்டேன்.

முதல் பத்தி, இரும்புத் தாதுவிலிருந்தே தொடங்கும் பெரிய ஆலைகளின் கம்பி. ஊதுலையில் தாதுவையும் கோக் கரியையும் போட்டு உருக்கி, பிறகு ஆக்சிஜன் ஊதிச் சுத்தம் செய்து எஃகாக்குவார்கள். தென்னிந்தியக் கடைகளுக்கு இது பெல்லாரி பக்கத்துத் தோரணகல்லு, விசாகப்பட்டினம் மாதிரி இடங்களிலிருந்து வருகிறது. இரண்டாம் பத்தி, தூண்டல் உலை வைத்திருக்கும் சிறிய ஆலைகளின் கம்பி. பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் இரும்பையும் (தாதுவை உருக்காமலேயே நிலக்கரியோடு சூடாக்கி எடுப்பது) மின்சாரத்தில் உருக்கி உருட்டுவது. கும்மிடிப்பூண்டியில் நிறைய, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டிலும் உண்டு. உலகத்திலேயே அதிகமாக ஸ்பாஞ்ச் இரும்பு தயாரிப்பது இந்தியாதான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கோக் கரி தயாரிக்க ஏற்ற நல்ல நிலக்கரி நம் நாட்டில் குறைவு, சாதாரண நிலக்கரியும் தாதுவும் இருக்கிறது, ஊதுலை கட்டக் கோடிக்கணக்கில் வேண்டும், இதற்கோ அதில் ஒரு சிறு பங்கு முதலீடு போதும். அதனால் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் இந்தத் தொழில் அப்படிப் பரவியிருக்கிறது.

தூண்டல் உலையின் சிக்கல், அது பெரும்பாலும் உருக்க மட்டுமே செய்யும், சுத்தம் செய்யாது. உள்ளே போடும் பழைய இரும்பில் கந்தகமும் பாஸ்பரசும் இருந்தால் வெளியே வரும் கம்பியிலும் அது இருக்கும். இவை கூடினால் கம்பி கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் நீளாமல் படக்கென்று முறியும். கம்பியின் வலிமைத் தரத்தைச் சொல்லும் 500 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் டி என்று போட்டிருப்பதன் பொருள், முறியாமல் இழுபடும் தன்மை. வெறும் 500 கம்பி முறிவதற்கு முன் 12 சதவீதம் நீண்டால் போதும், 500டி என்றால் 16 சதவீதம் நீள வேண்டும். கந்தகம், பாஸ்பரஸ் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச வரம்பு வெறும் 500க்கு 0.055 சதவீதம், 500டிக்கு 0.040. எங்கள் இன்ஜினியர் கணக்குப் பார்த்த நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது, ஆகவே தூணுக்கும் பீமுக்கும் 500டி தவிர வேறு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் பேச்சைக் கேட்டதில் எனக்குக் கிட்டத்தட்ட 23 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. முப்பது நாற்பது லட்சம் போடுகிற வீட்டில் அது பெரிய தொகை இல்லை என்பது என் கருத்து. டைல்ஸில் குறைத்துக்கொள்ளலாம், நாளைக்குப் பெயர்த்து வேறு போடலாம். தூணுக்குள் இருப்பதை மாற்ற முடியாது.

அதற்காக உள்ளூர்க் கம்பி என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். உருக்கிய இரும்பை இன்னொரு உலையில் வைத்துச் சுத்தம் செய்து, 500டி தரத்தையே கொடுக்கும் சிறிய ஆலைகள் இருக்கின்றன. பெரிய ஆலையிலிருந்து பில்லெட் (உருட்டத் தயாரான எஃகுக் கட்டை) வாங்கி உருட்ட மட்டும் செய்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது விளம்பரத்தில் யார் நடிக்கிறார் என்பதை அல்ல, சோதனைச் சான்றிதழை. கட்டில் தொங்கும் அட்டையில் ஹீட் நம்பர் என்று ஓர் எண் இருக்கும், அதாவது எந்த முறை உருக்கிய உலையிலிருந்து வந்தது என்ற அடையாளம். அதே எண் சான்றிதழில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடையில் நான் கேட்காமலேயே நான்கு அளவுக்கும் நான்கு தாள் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று பொருந்தியது. 10 மி.மீ. தாளில் எண் வேறாக இருந்தது, சொன்னதும் மன்னிப்புக் கேட்டு அன்று மாலையே சரியான தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சுற்றுச்சுவர்த் தூணுக்கு 300 கிலோ உள்ளூர்க் கம்பியே வாங்கினேன், அதற்கும் தாள் வந்தது. என் மளிகைத் தராசுச் சோதனையிலும் தேறியது.

பெரியவர் மேசை மேல் தாள் பறக்காமல் வைக்கும் பாரமாக ஒரு கம்பித் துண்டு இருந்தது. குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் முக்கியது. சுற்றிலும் கருத்த வளையம், நடுவில் வெளிறிய வட்டம். இன்றைய வீட்டுக் கம்பியை டிஎம்டி என்கிறார்களே, அது என்ன என்று அந்த ஒரு துண்டில் புரிந்துவிடும். உருட்டி முடித்துச் செக்கச்செவேல் என்று வரும் கம்பியைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வேகமாக விடுவார்கள், மேல்தோல் சட்டென்று குளிர்ந்து இறுகும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் சூடு மேலே ஏறி இறுகிய தோலைப் பதப்படுத்தும். தோல் வலிமைக்கு, உள்ளே இருப்பது வளைந்து கொடுப்பதற்கு. எங்கள் அப்பா காலத்து முறுக்குக் கம்பியைக் குளிர்ந்த பிறகு முறுக்கியே வலிமை ஏற்றினார்கள். டிஎம்டி கம்பியின் வலிமை தோலில் இருப்பதால் அதைத் தீயில் காட்டி நிமிர்த்தக் கூடாது, அந்தத் தோலின் பதம் போய்விடும்.

அப்புறம் விலை. கொட்டேஷன் ஒரு நாளைக்குத்தான் செல்லும் என்றார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சிமெண்ட் விலைகூட வாரக் கணக்கில் நிற்கிறதே என்று கேட்டேன். அவர் 2022ஐ நினைவுபடுத்தினார். உக்ரைன் போர் தொடங்கிய அடுத்த மாதம் கோக் கரி தயாரிக்கும் நிலக்கரி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. இந்தியா தனக்கு வேண்டிய அந்த நிலக்கரியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை வெளியிலிருந்து வாங்குகிறது, அதிலும் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து. ஏப்ரலில் எங்கள் ஊரில் கம்பி கிலோ 80 ரூபாயைத் தாண்டிவிட்டது. தூண் எழுப்பி அப்படியே நிறுத்திவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருந்தன, எனக்கும் நினைவிருக்கிறது. மே 22 அன்று மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது, கோக் கரி இறக்குமதி வரியை எடுத்தது. சரக்கு உள்நாட்டிலேயே தங்க, விலை இறங்கியது. நவம்பரில் அந்த ஏற்றுமதி வரியை நீக்கிவிட்டார்கள். "அந்த ஆறு மாசத்துல நான் ஏத்துன சரக்கு பாதி நஷ்டத்துல போச்சுங்க தம்பி. இன்னைக்கு வெலையில வாங்கி நாளைக்கு வெலையில விக்கணும்" என்றார். அதைக் கேட்ட பிறகு ஒரு நாள் கொட்டேஷன் எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 2025இல் 12 சதவீதப் பாதுகாப்பு வரி வந்ததும் ஊரில் எல்லாரும் கம்பி ஏறப் போகிறது, உடனே வாங்கிவிடு என்று என்னை அவசரப்படுத்தினார்கள். இரண்டு கடையில் இருந்து போனும் வந்தது. இந்தப் பெரியவர்தான் அது தகடுக்கும் சுருளுக்கும் போட்ட இறக்குமதி வரி, வீட்டுக் கம்பிக்கு இல்லை என்று சொன்னார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். 2023-24இல் இந்தியா விற்றதைவிட அதிகமாக எஃகை வாங்கும் நாடாகிவிட்டது, சீனாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மலிவுத் தகடு வந்து குவிந்தது, அதைத் தடுக்கத்தான் அந்த வரி. விற்க வேண்டியவரே அவசரப்பட வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

இந்தியா 2018இல் ஜப்பானைத் தாண்டி உலகின் இரண்டாவது பெரிய எஃகு உற்பத்தி நாடானது. 2024இல் 15 கோடி டன்னை நெருங்கியது, சீனா 100 கோடி டன். நாட்டுக்குள் பயன்படுத்தியது 2021-22இல் 10.6 கோடி டன்னாக இருந்து 2024-25இல் 15.2 கோடி டன் ஆகிவிட்டது. மூன்றே வருடத்தில் 43 சதவீத உயர்வு. சாலை, பாலம், மெட்ரோ எல்லாம் அதில் உண்டு, ஆனால் ஆத்தூர் மாதிரி ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் எழும் மாடி வீடுகளும் அதில்தான் இருக்கின்றன. இத்தனைக்கும் தலைக்கு வருடத்துக்கு 100 கிலோ அளவுதான். உலக சராசரி இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 2017இல் வந்த தேசிய எஃகுக் கொள்கை 2030-31க்குள் 160 கிலோவைத் தொட வேண்டும் என்கிறது, உற்பத்தித் திறன் 30 கோடி டன் ஆக வேண்டும் என்கிறது. என் வீட்டுக்கு மொத்தம் ஏறக்குறைய 4,200 கிலோ போயிருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு 840 கிலோ, அதாவது எட்டு வருடத்துச் சராசரியை ஒரே வருடத்தில் தூணுக்குள்ளும் தளத்துக்குள்ளும் வைத்துவிட்டோம். ஓலைக் கூரையிலிருந்தும் ஓட்டு வீட்டிலிருந்தும் கான்கிரீட் தளத்துக்கு மாறும் குடும்பங்கள் எத்தனை லட்சம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த 160 கிலோ எனக்கு எட்டாத எண்ணாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மக்கள் வாழ்க்கையில் ஒரு முறைதான் கம்பி வாங்குவார்கள், தராசு பார்த்துப் பழக்கமிருக்காது. அவர்களிடம் ஏழு சதவீதம் குறைத்துக் கொடுப்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் "சேலம் ஸ்டீல் கம்பி இருக்குதா" என்று கடையில் கேட்கிறார்களாம். சேலம் இரும்பாலையில் வருவது துருப்பிடிக்காத எஃகுத் தகடும் சுருளும், வீட்டுக் கம்பி இல்லை. சேலத்தை ஒட்டிய கஞ்சமலைத் தாதுவை வைத்து இங்கேயே இரும்பு உருக்க வேண்டும் என்றுதான் எங்கள் தாத்தா தலைமுறை கேட்டது, 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோதே எழுச்சி நாள் நடத்தினார்கள், 1970இல் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். கடைசியில் வந்த ஆலை தகடு உருட்டும் ஆலையாக அமைந்தது. மேட்டூர் பக்கம் பொட்டனேரியில் ஜேஎஸ்டபிள்யூ எஃகு நிறுவனத்தின் ஊதுலை இருக்கிறது, அங்கேயும் வாகன உதிரிகளுக்கான சிறப்பு எஃகுதான் முக்கியம். ஆக, இரும்பு மலை இருக்கும் மாவட்டத்தில் வீடு கட்டும் எனக்குக் கம்பி கர்நாடகத்திலிருந்து வந்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, குறைகள். 12 மீட்டர் கம்பியை இரண்டாக மடித்துச் சின்ன வண்டியில் அனுப்புவதுதான் இவர்களுக்கும் வழக்கம். 16 மி.மீ. கம்பியை மடித்து மறுபடி நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனப்படும் என்று நான் மறுத்ததால் நீள வண்டி ஏற்பாடு செய்தார்கள், அதற்கு 1,200 ரூபாய் கூடுதல். குறைந்தது தடிமனான கம்பிக்காவது அதை இவர்களே வழக்கமாக்க வேண்டும். இறக்குகூலி 800 என்பதை வண்டி வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் சொன்னார்கள், அதைக் கொட்டேஷனிலேயே எழுதியிருக்கலாம். சொன்ன நாளுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது, மழையால் என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தூணிலும் பீமிலும் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியை அவர்களே இயந்திரத்தில் வளைத்துக் கொடுக்கிறார்கள், கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல். அதை நிச்சயம் வாங்குங்கள். கையில் வளைக்கும்போது கொக்கியைப் பெரும்பாலும் தொண்ணூறு பாகையோடு நிறுத்திவிடுகிறார்கள், இவர்கள் 135 பாகைக்கு உள்ளே மடக்கித் தருகிறார்கள். நிலநடுக்கம் வந்தால் ரிங் வாய் பிளக்காமல் பிடித்துக்கொள்ள அதுதான் வேண்டும். எங்கள் கம்பி கட்டுபவரும் எடுத்துப் பார்த்துவிட்டு வேலை சுத்தமாக இருக்கிறது என்றார்.

தளம் போட்டு முடித்த பிறகு வெட்டுத் துண்டுகள் ஒரு மூலையில் சேர்ந்து கிடந்தன. இவர்களே கிலோ 30 ரூபாய்க்குத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், இது மறுபடி ஏதாவது ஒரு தூண்டல் உலைக்குத்தான் போகும் என்றார் பெரியவர். 86 கிலோ இருந்தது, 2,580 ரூபாய். அதற்கும் எடைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.